உமக்குக் கவலையில்லையா?

தமிழில் கவலைக்கென்றே ஓர் எழுத்து உண்டு. 'ஓ'. வருமோ, வராதோ, கிடைக்குமோ, கைவிட்டுப் போகுமோ, என்ன ஆகுமோ. வினைச்சொல்லின் வாலில் இது ஒட்டிக்கொண்டால் போதும். பகலில் "மகள் பரீட்சை எழுதிவிட்டாள்" என்று சும்மா கிடந்த செய்தி, நடுராத்திரியில் "ஒழுங்காக எழுதியிருப்பாளோ" என்று எழுந்து உட்கார்ந்துகொள்ளும். நான் இந்த ஓகாரத்தில் நல்ல தேர்ச்சி பெற்றவன். பூட்டிய கதவு பூட்டித்தான் இருக்குமோ என்பதில் தொடங்கி, அதிகாரி அனுப்பிய மின்னஞ்சலில் வழக்கமான வணக்கம் ஏன் இல்லையோ என்பது வரைக்கும் எனக்கு எல்லாமே விஷயம்தான்.

பழந்தமிழில் 'கவலை' என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் இருக்கிறது. பாதை கிளை கிளையாகப் பிரிகிற இடம், கவர்த்த வழி. யார் எப்போது இந்த இரண்டு பொருளையும் ஒரே சொல்லில் வைத்தார்களோ, அவர்களுக்கும் தூக்கம் வந்திருக்காது என்று நினைத்துக்கொள்வேன். கவலைப்படுகிற மனம் செய்வது அதைத்தானே. ஒரு பாதையிலும் உருப்படியாக நடக்காது, ஆனால் எல்லாப் பாதையிலும் பாதி தூரம் போய்விட்டுத் திரும்பும். விடியும்போது கால் வலிக்கும்.

இதையெல்லாம் எழுதக் காரணம் கடந்த ஆண்டில் வந்த ஒன்பது நாட்கள். அம்மாவின் கழுத்தில் ஒரு கட்டி. சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஐந்து நாளில் முடிவு வரும் என்றார்கள். ஐந்து ஆறாகி, ஆறு எட்டாகி, விசாரிக்கப் போனால் முன்மேசையில் ஒருவர் "வந்தால் போன் பண்ணுவோம்" என்பதோடு நிறுத்திக்கொண்டார். அந்த நாட்களில் என் கைபேசியை ஒரு மணி நேரத்துக்கு எத்தனை முறை எடுத்துப் பார்த்தேன் என்று கணக்கு வைத்திருந்தால் வெட்கமாக இருந்திருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபையில் ஒரு பெரியவரிடம் சொன்னேன். ஜெபித்துக்கொள்ளுங்கள் என்பதற்காகத்தான் சொன்னேன். அவர் என் தோளில் கை வைத்து, "தம்பி, கவலைப்படுறது பாவம். ஆண்டவர் மலைப்பிரசங்கத்துல தெளிவா சொல்லியிருக்காரு. கவலைப்பட்டா விசுவாசம் இல்லேன்னு அர்த்தம்" என்றார். நல்ல மனுஷன். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் வீடு திரும்பும்போது என்னிடம் ஒன்றுக்கு இரண்டு கவலைகள் இருந்தன. அம்மாவுக்கு என்ன ஆகுமோ என்பது ஒன்று. எனக்கு விசுவாசமே இல்லையோ என்பது இன்னொன்று.

சபையில் வேதபாட வகுப்பு எடுப்பதற்காக புதிய ஏற்பாட்டின் மூலமொழியான கிரேக்கத்தை நான் கொஞ்சம் தட்டுத்தடுமாறிப் படித்தவன். பண்டிதன் இல்லை, அகராதியைத் திறந்து பார்க்கத் தெரியும், அவ்வளவுதான். அன்று மதியம் கோபத்தில் அகராதியைத் திறந்தேன். வேத ஆராய்ச்சிக்குக் கோபம் சில நேரம் நல்ல தூண்டுகோல்.

மலைப்பிரசங்கம் இருக்கிற மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் 'கவலைப்படாதிருங்கள்' என்று வருகிற அதே வினைச்சொல்லைத்தான் அப்போஸ்தலன் பவுல் பிலிப்பி சபையாருக்குக் கடிதம் எழுதும்போது, "நீங்கள் ஒன்றுக்குங் கவலைப்படாமல்" என்ற இடத்தில் வைத்திருக்கிறார். சரி, பெரியவர் பக்கம் இரண்டு வசனம். ஆனால் அதே பிலிப்பியர் நிருபத்தில், இரண்டு அதிகாரம் முன்னால், தன் உடன் ஊழியன் தீமோத்தேயுவைப் பாராட்டும்போதும் பவுல் அதே வினையைத்தான் எடுக்கிறார். உங்கள் காரியங்களைக் குறித்து உண்மையாய்க் கரிசனைப்பட இவனைப்போல வேறொருவன் என்னிடம் இல்லை என்கிறார். அப்புறம் இரண்டாம் கொரிந்தியர் 11:28இல், தான் பட்ட அடிகளையும் கப்பற்சேதங்களையும் பட்டினியையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசியாக "எல்லாச் சபைகளைக்குறித்தும் உண்டாயிருக்கிற கவலை என்னை நாள்தோறும் நெருக்குகிறது" என்கிறார். அந்தக் 'கவலை'யும் இதே வேரிலிருந்து வந்த பெயர்ச்சொல்தான். ஒன்றுக்கும் கவலைப்படாதிருங்கள் என்று எழுதிய கை, என்னைக் கவலை தினமும் நெருக்குகிறது என்றும் எழுதியிருக்கிறது.

இதைப் பவுலின் முரண்பாடு என்று சொல்லிச் சிரிக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருவரை நேசித்தால் அவர் பாரம் நம் நெஞ்சில் ஏறத்தான் செய்யும். அது பாவம் என்றால் அன்பும் பாவம்தான். மலைப்பிரசங்கம் தடுப்பது வேறொன்று என்று படுகிறது: அந்தப் பாரத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்கிறேன், யாரோடு பேசுகிறேன் என்பது.

அங்கே ஒரு சின்ன வேடிக்கையும் உண்டு. "கவலைப்படுகிறதினாலே உங்களில் எவன் தன் சரீர அளவோடு ஒரு முழத்தைக் கூட்டுவான்?" என்று இயேசு கேட்கிறார். சிறுவயதில் இதைப் படித்துக் குழம்பியிருக்கிறேன். ஒரு முழம் உயரம் கூடினால் மனுஷன் வாசலில் இடித்துக்கொள்வானே, அதற்கு யார் கவலைப்படப் போகிறார்கள்? 'சரீர அளவு' என்று நம் பழைய மொழிபெயர்ப்பில் இருக்கிற கிரேக்கச் சொல்லுக்கு வயது, ஆயுள் என்றும் பொருள் உண்டு. அப்படி வாசித்தால் கேள்வி நேராக வந்து தைக்கிறது. கவலைப்பட்டு யாராவது தன் ஆயுளில் ஒரு முழம் நீட்டியிருக்கிறானா? அம்மாவின் ஆயுளில்? இல்லை. ஒன்பது நாள் முழித்திருந்து நான் நீட்டியதெல்லாம் இரவுகளை மட்டும்தான்.

இனி, நான் உண்மையில் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். அது மலையில் இல்லை, படகில் இருக்கிறது.

கடலில் பெருங்காற்று. அலைகள் படகின்மேல் மோதித் தண்ணீர் நிரம்புகிறது. இயேசு படகின் பின்பக்கத்தில் தலையணை வைத்துத் தூங்குகிறார். தலையணை என்ற விவரம் மாற்கு சுவிசேஷத்தில் மட்டும்தான் இருக்கிறது. சீஷர்கள் அவரை எழுப்புகிறார்கள். மத்தேயுவில் "ஆண்டவரே, எங்களை இரட்சியும்" என்கிறார்கள். லூக்காவில் மடிந்துபோகிறோம் என்று அலறுகிறார்கள். இரண்டும் மரியாதையான அபயக்குரல்கள். மாற்குவில் மட்டும் அந்த வாக்கியம் வேறு மாதிரி வருகிறது: "போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா?"

இதை ஜெபம் என்று சொன்னால் சிலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இது சண்டை. தூங்குகிறவரை உலுக்கி எழுப்பி, உனக்கு அக்கறை இருக்கிறதா இல்லையா என்று கேட்பது. வீட்டில் ஒருவர் வேலையில் திண்டாடும்போது இன்னொருவர் படுத்திருந்தால் எழுமே ஒரு குரல், அந்தக் குரல்.

இதே கேள்வி சுவிசேஷங்களில் இன்னோர் இடத்திலும் வருகிறது, அதுவும் ஒரு வீட்டில். மார்த்தாள் வேலையில் தவிக்கிறாள். தங்கை மரியாள் இயேசுவின் பாதத்தருகே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். மார்த்தாள் தங்கையிடம் போகவில்லை. நேராக இயேசுவிடம் வந்து, தன்னைத் தனியே வேலைசெய்ய விட்டிருப்பதைக் குறித்து "உமக்குக் கவலையில்லையா?" என்கிறாள். கிரேக்கத்திலும் படகில் இருந்த அதே சொற்கள்தான். ஒன்று உயிர் போகிற நேரம், இன்னொன்று அடுப்படிப் பிரச்சினை. கேள்வி மட்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்று.

என் ஓகாரங்களை எல்லாம் தோண்டிப் பார்த்தால் அடியில் கிடப்பதும் இதே கேள்விதான் என்று அன்று மதியம் எனக்குத் தோன்றியது. முடிவு என்ன வருமோ என்பதற்கு அடியில், இது உமக்கு ஒரு பொருட்டா என்பது. வேலை நிலைக்குமோ என்பதற்கு அடியிலும் அதுவே. நான் அதை ஒருநாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை. மரியாதை, பயபக்தி, சிறுபிள்ளையிலிருந்து கற்ற ஜெப மொழி எல்லாம் தடுத்துவிடும். அதனால் கேள்வி உள்ளேயே சுற்றிச் சுற்றி, 'ஓ' போட்டு 'ஓ' போட்டு, ராத்திரி மூன்று மணிக்கு என்னிடமே வந்து நிற்கும். நானோ பதில் தெரியாதவன்.

படகில் இருந்தவர்களும் மார்த்தாளும் செய்தது ஒன்றுதான். கேள்வியை உரியவரிடம் கேட்டார்கள். தொனி சரியில்லை, நேரம் சரியில்லை, விசுவாசமும் சரியில்லை. ஆனால் விலாசம் சரியாக இருந்தது.

கேட்டதற்கு என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். படகில், மாற்கு சொல்லும் வரிசைப்படி, அவர் முதலில் எழுந்து காற்றை அதட்டுகிறார். "ஏன் இப்படிப் பயப்பட்டீர்கள்" என்ற கண்டிப்பு அப்புறம்தான். கடிந்துகொள்கிறார், ஆனால் கடல் அமர்ந்த பிறகு. மார்த்தாள் வீட்டில் அவள் கேட்டது நடக்கவேயில்லை. மரியாளை அவர் எழுப்பி அனுப்பவில்லை. "மார்த்தாளே, மார்த்தாளே" என்று இரண்டு தரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நீ அநேக காரியங்களைக் குறித்துக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய் என்கிறார். ஒரே கேள்விக்கு ஓரிடத்தில் சூழ்நிலை மாறியது, இன்னோரிடத்தில் மாறவில்லை. எது எங்கே என்பதற்குச் சூத்திரம் இருப்பதாகச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

மார்த்தாள் அதோடு கேட்பதை விட்டுவிடவுமில்லை என்பது எனக்குப் பிடித்த விஷயம். யோவான் 11இல் தம்பி லாசரு செத்து நான்கு நாள் கழித்து இயேசு வரும்போது, ஊருக்கு வெளியே போய் அவரை நிறுத்தி, "நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்" என்கிறாள். அதுவும் ஏறக்குறைய சண்டைதான். அதே உரையாடலில்தான், சில வரிகள் தள்ளி, "நீர் தேவகுமாரனாகிய கிறிஸ்து" என்ற அறிக்கையும் அவள் வாயிலிருந்து வருகிறது. முறையிட்ட அதே வாய்.

இப்போது, சீஷர்களில் ஒருவரான பேதுருவின் முதலாம் நிருபத்துக்கு வாருங்கள். நாம் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்கிற வசனம்: "அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்." சுவரில் மாட்டியிருப்போம், நாட்காட்டியில் பார்த்திருப்போம். இதில் 'விசாரிக்கிறவர்' என்று தமிழில் இருக்கிற இடத்தில் கிரேக்கத்தில் எந்த வினை இருக்கிறது என்று தேடியபோது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். படகிலும் மார்த்தாள் வீட்டிலும் 'கவலையில்லையா' என்று வந்த அதே வினை. 'மெலெய்'. தமிழில் ஓரிடத்தில் கவலை, ஓரிடத்தில் விசாரிப்பு என்று பிரித்து மொழிபெயர்த்ததால் நமக்கு அது தெரியாமல் போகிறது. கிரேக்கத்தில் வாசிப்பவருக்கு அது கேள்வியும் பதிலுமாக ஒலிக்கும். உமக்குக் கவலையில்லையா? அவருக்கு உங்களைக் குறித்துக் கவலை உண்டு.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். மாற்கு தன் சுவிசேஷத்தைப் பேதுரு சொல்லக் கேட்டு எழுதினார் என்பது சபையின் மிகப் பழைய மரபு. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்க காலத்தைச் சேர்ந்த பாப்பியாஸ் என்ற ஆயர் அப்படிச் சொன்னதாகச் சபை வரலாற்றாசிரியர் யூசேபியஸ் பதிவு செய்திருக்கிறார். பேதுருவின் நிருபத்தின் முடிவிலும் "என் குமாரனாகிய மாற்கு" வாழ்த்துச் சொல்லுகிறான் என்று இருக்கிறது. மரபை அப்படியே எடுத்துக்கொண்டால், படகில் அந்தக் கேள்வியைக் காதால் கேட்ட (ஆள் யாரென்று பார்த்தால், தானே கேட்டும் இருக்கக்கூடிய) பேதுருதான் வயதான காலத்தில் பதிலையும் எழுதியிருக்கிறார். ஆராய்ச்சியாளர்களிடையே இந்த நிருபத்தை யார் எழுதியது என்பதில் விவாதம் உண்டு, அது இருக்கட்டும். எனக்கு அந்த மதியத்தில் கேட்டது ஒரு கிழவரின் குரல். தண்ணீர் உள்ளே வரும்போது நானும் அப்படித்தான் கேட்டேன், இப்போது தெரியும், அவருக்குக் கவலை உண்டு என்று சொல்கிற குரல்.

யோவான் சுவிசேஷத்தில் கூலிக்கு மேய்க்கிறவனைப் பற்றிச் சொல்லும்போது "ஆடுகளுக்காக அவன் கவலைப்படான்" என்று வருமே, அங்கேயும் இதே வினைதான். பேதுரு இந்த வசனத்தை எழுதுவது மேய்ப்பர்களுக்குப் புத்தி சொன்ன கையோடு என்பதையும் கவனிக்கலாம். இதற்கு மேல் போனால் வகுப்பு எடுக்க ஆரம்பித்துவிடுவேன்.

ஒன்று மட்டும் தமிழின் பக்கம் நின்று சொல்லவேண்டும். விசாரம் என்றால் நம் மொழியில் கவலை. விசாரிப்பு என்றால் அக்கறையாகக் கேட்டுக் கவனிப்பது. பழைய மொழிபெயர்ப்பாளர்கள் தெரிந்து செய்தார்களா தெரியாமல் செய்தார்களா, என் விசாரத்துக்கும் அவருடைய விசாரிப்புக்கும் ஒரே சொல்லில் முடிச்சுப் போட்டுவிட்டார்கள்.

அந்த வசனத்தில் நான் வழுக்கிவிழுகிற பகுதி ஒன்று உண்டு. 'வைத்துவிடுங்கள்' என்று நாம் வாசிப்பது கிரேக்கத்தில் எறிந்துபோடுவது. புதிய ஏற்பாட்டில் இந்தச் சொல் இன்னோர் இடத்தில்தான் வருகிறது: எருசலேமுக்குள் இயேசு ஏறிப்போன கழுதைக்குட்டியின்மேல் சீஷர்கள் தங்கள் வஸ்திரங்களைப் போட்டபோது. உடம்பில் இருந்ததைக் கழற்றி, சட்டென்று இன்னொன்றின்மேல் போடுவது. மென்மையாக இறக்கிவைத்து, அருகிலேயே நின்று, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்ப்பது இல்லை. நான் செய்வது இரண்டாவது வகை. காலையில் ஜெபித்து அவரிடம் கொடுப்பேன். எட்டரை மணிக்குப் போய் 'என்ன, பார்த்தீரா?' என்று எட்டிப் பார்ப்பேன். ஒன்பதுக்கு நானே திரும்ப எடுத்துவந்துவிடுவேன்.

ஏன் விட முடிவதில்லை? பேதுருவின் வாக்கிய அமைப்பே பதில் சொல்கிறது. அவர் முதலில் சொல்வது, தேவனுடைய பலத்த கைக்குள் அடங்கியிருங்கள் என்பது. கவலைகளை எறிவது தனிக் கட்டளையாக நிற்கவில்லை, அந்த அடங்கியிருத்தலோடு தொங்கிக்கொண்டு வருகிறது. அதாவது, கவலையைப் பிடித்துக்கொண்டிருப்பதில் கொஞ்சம் அகந்தை இருக்கிறது. எனக்கு இது கசப்பான மாத்திரை. நான் என்னை அக்கறையுள்ள மகன் என்று நினைத்திருந்தேன். நான் முழித்திருந்தால்தான் அம்மா பத்திரம் என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அண்ட சராசரத்துக்கு நான் இரவுக் காவலாளி.

அப்படியானால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டுமா? இந்த இடத்தில் எனக்கு உதவுகிறவர் யூதாவின் எசேக்கியா ராஜா. அசீரிய ராஜா சனகெரிப்பிடமிருந்து மிரட்டல் கடிதம் வருகிறது. கி.மு. 701. எசேக்கியா அதை வாசித்துவிட்டு ஆலயத்துக்கு எடுத்துப்போய், கர்த்தருக்கு முன்பாக விரித்துவைக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த ஜெபக் காட்சி இது. வாசிக்கத் தெரியாதவருக்குக் காட்டுவதுபோல அல்ல, தன்னால் தாங்க முடியாத காகிதத்தை மேசையில் பிரித்துவைத்து 'இதைப் பாரும்' என்பதுபோல.

ஆனால் அதே எசேக்கியாதான் முற்றுகைக்கு முன்னால் நகரத்துக்கு வெளியே இருந்த ஊற்றுகளைத் தூர்த்து, தண்ணீரை நகரத்துக்குள் திருப்பினார் என்று வேதம் சொல்கிறது. எருசலேமில் பாறையைக் குடைந்து வெட்டிய ஏறக்குறைய 533 மீட்டர் நீளச் சுரங்கம் இன்றும் இருக்கிறது. பொதுவாக அதை அவருடையது என்றே சொல்கிறார்கள். இரண்டு முனையிலிருந்தும் ஆட்கள் குடைந்துவந்து நடுவில் சந்தித்ததைச் சொல்லும் கல்வெட்டு 1880இல் அதற்குள் கண்டெடுக்கப்பட்டது. ஒருவர் குரல் மற்றவருக்குப் பாறை வழியாகக் கேட்டதாம். கடிதத்தை விரித்த மனுஷன் சுரங்கமும் தோண்டியவர். ஏசாயா 22இல் தீர்க்கதரிசி கண்டிப்பதும் தண்ணீருக்கு ஏற்பாடு செய்ததை அல்ல. அதைச் செய்தவரை நீங்கள் நோக்கவில்லையே என்பதைத்தான்.

எனக்கு இது நடைமுறையில் இப்படி ஆனது. ஒன்பது நாளில் நான் தோண்டவேண்டிய சுரங்கம் கொஞ்சம்தான் இருந்தது. இரண்டாவது மருத்துவரின் கருத்துக்கு நேரம் வாங்குவது, காப்பீட்டுக் காகிதங்களைத் தேடி எடுப்பது, தங்கைக்குச் சொல்வது. மூன்று வேலை, அரைநாளில் முடிந்தது. மீதி எட்டரை நாளும் தோண்டுவதற்கு ஒன்றுமில்லாத இடத்தில் வெறுங்கையால் பிறாண்டிக்கொண்டிருந்தேன். கவலைக்கும் முன்யோசனைக்கும் வித்தியாசம் கேட்டால் எனக்கு இந்தக் கணக்குதான் தெரியும். முன்யோசனைக்கு முடிவு உண்டு.

சிலர் கேட்பார்கள், இவ்வளவு சின்ன விஷயங்களுக்கெல்லாமா ஆண்டவரைத் தொந்தரவு செய்வது என்று. இரண்டாம் ராஜாக்கள் ஆறாம் அதிகாரத்தில் மரம் வெட்டும்போது ஒருவனுடைய கோடரி கழன்று யோர்தானில் விழுகிறது. "ஐயோ என் ஆண்டவனே, அது இரவலாக வாங்கப்பட்டதே" என்று கத்துகிறான். இரவல் சாமானைத் தொலைத்தவனின் வயிற்றெரிச்சல், அவ்வளவுதான் விஷயம். தீர்க்கதரிசி எலிசா அந்த இரும்பை மிதக்கப்பண்ணுகிறார். இந்தக் கதைக்கு முந்தைய அதிகாரத்தில் படைத்தலைவன் நாகமானின் குஷ்டரோகம், அடுத்த வசனங்களில் சீரியாவோடு யுத்தம். நடுவில் ஒரு இரவல் கோடரிக்கு ஏழு வசனம் ஒதுக்கியிருக்கிறார்கள். வேதத்தைத் தொகுத்தவர்களுக்கு அது நீக்கவேண்டிய அற்ப விஷயமாகத் தெரியவில்லை.

கடினமான பக்கத்தைத் தாண்டிப் போகக் கூடாது. ஒவ்வொரு ஞாயிறும் சாட்சி சொல்ல எழுந்து நிற்பவர்கள் கோடரி மிதந்தவர்கள். மிதக்காதவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்போஸ்தலர் 12இல் பேதுரு சிறையில், இரண்டு சங்கிலிகளால் கட்டப்பட்டு, இரண்டு சேவகர் நடுவே தூங்குகிறார். மறுநாள் ஏரோது ராஜா அவரை வெளியே கொண்டுவரப்போகிறான். தேவதூதன் விலாவில் தட்டித்தான் எழுப்பவேண்டியிருக்கிறது, அவ்வளவு ஆழ்ந்த தூக்கம். படகில் தூங்குகிறவரை எழுப்பிய கூட்டத்தில் ஒருவர், இப்போது தானே தூங்குகிறார். ஆனால் அதே அதிகாரத்தின் இரண்டாம் வசனத்தில் யோவானின் சகோதரன் யாக்கோபைப் பட்டயத்தால் கொன்றாயிற்று. அவரும் அந்தப் படகில் இருந்தவர்தான். சபை அவருக்காகவும் ஜெபித்திருக்காதா? எனவே பேதுரு தூங்கியது, எப்படியும் விடுதலை வரும் என்று தெரிந்ததால் இல்லை. வராமலும் போகலாம் என்று தெரிந்தே தூங்கினார்.

அடைக்கலான் குருவி வசனமும் அப்படித்தான். பிதாவின் சித்தமில்லாமல் ஒன்றும் தரையிலே விழாது என்கிறார் இயேசு. குருவி விழவே விழாது என்று சொல்லவில்லை. இந்த வித்தியாசத்தை மறைத்துப் பிரசங்கிக்கிறவர்கள், விழுந்த வீடுகளில் என்ன பேசுவார்கள் என்று எனக்குப் புரிவதில்லை.

போகிற போக்கில் இன்னொன்று. சிலருக்குக் கவலை நோயாகவே வந்திருக்கும். மூச்சடைக்கும், கை நடுங்கும், மாதக்கணக்கில் தூக்கம் இருக்காது. அவர்களிடம் போய் வசனத்தைச் சொல்லிக் கடிந்துகொள்ளாதீர்கள். தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றபோது தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. சாப்பிட அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். மருத்துவரிடம் போவதும் மாத்திரை எடுப்பதும் அவிசுவாசம் இல்லை.

என் அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. சிறுவயதில் அவள் ஜெபிக்கும்போது எனக்குக் கூச்சமாக இருக்கும். மற்ற அம்மாக்கள் "பரிசுத்தமும் கிருபையும் நிறைந்த எங்கள் பரம தகப்பனே" என்று அழகாகத் தொடங்குவார்கள். அம்மா தொடங்குவதே, "ஆண்டவரே, நீர் பார்த்துக்கிட்டு இருக்கீரா இல்லையா?" என்றுதான். அப்பா வேலையில்லாமல் இருந்த காலத்தில் ஒருநாள் பக்கத்து அறையிலிருந்து கேட்டேன். "நேத்தும் சொன்னேன், முந்தாநாளும் சொன்னேன். இன்னைக்கும் அதேதான். நான் மறந்துட்டேன்னு நினைக்காதீரும்." சொல்லி முடித்துவிட்டு எழுந்துபோய் வேலையைப் பார்த்தாள். வாக்குவாதம் முடிந்த வீட்டில் இருக்கும் அமைதிதான் அது. அப்போது அதை அவளுக்கு ஜெபிக்கத் தெரியாததன் அடையாளமாக எடுத்துக்கொண்டேன். மாற்கு நான்காம் அதிகாரம் எனக்குப் புரிய முப்பது வருடமாயிற்று.

அந்த ஒன்பது நாட்களில் எட்டாவது இரவு, மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்து, முதல்முறையாக அந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்டேன். மனைவி எழுந்துவிடக் கூடாதே என்று மெதுவாகத்தான். "எங்கம்மாவுக்கு இப்படி இருக்கிறது உமக்குக் கவலையில்லையா?" அவ்வளவுதான். கடல் அமரவில்லை. குரல் ஒன்றும் கேட்கவில்லை. பரவசமும் இல்லை. தூக்கம்கூட உடனே வரவில்லை, நாலரை ஆயிற்று. மாறியது ஒன்றே ஒன்று. அதுவரை என்னிடம் நானே பேசிக்கொண்டிருந்தேன், இப்போது அறையில் இன்னொருவர் இருந்தார். அவர் பதில் சொல்லாமல் இருந்தார், ஆனால் இருந்தார். இதை இதற்குமேல் எனக்கு விளக்கத் தெரியவில்லை.

பிறகு பழைய ராத்திரி ஜெபம் ஒன்றைச் சொன்னேன். "உமது கையில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்." சங்கீதம் 31. சிலுவையில் இயேசு சொன்ன கடைசி வார்த்தைகளில் ஒன்று என்று நமக்குத் தெரியும். யூதர்கள் படுக்கப்போகும்போது சொல்கிற ஜெபத்திலும், நூற்றாண்டுகளாகத் திருச்சபையின் இரவு ஜெபத்திலும் அது இருக்கிறது. சாகப்போகிறவர் சொன்ன வரியைத் தூங்கப்போகிறவர்களும் சொல்கிறார்கள். அன்று என் ஆவியோடு அம்மாவின் கழுத்தையும் சேர்த்துக்கொண்டேன்.

முடிவு பத்தாம் நாள் காலை வந்தது. கெட்டது ஒன்றுமில்லை, ஆனால் ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கவேண்டும் என்றார் மருத்துவர். அதாவது சாட்சி சொல்வதற்கும் இல்லை, புலம்புவதற்கும் இல்லை. நடுவில். அம்மாவைக் கைப்பிடித்து வண்டியில் ஏற்றி உட்காரவைத்தேன். கைபேசியில் ஆறு மாதம் தள்ளி ஒரு தேதியைக் குறித்துக்கொண்டிருந்தபோது அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டா, நல்லதுதானே சொன்னாரு? மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"இல்லம்மா, ஆறு மாசம் கழிச்சு என்ன வருமோன்னு..."

"அதை ஏண்டா என்கிட்ட சொல்ற?" என்று சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.